கைப்பேசி லினக்ஸ்: மையக் களஞ்சியமா, தனிக் களஞ்சியமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய போக்கோ எஃப்1, ஒன்பிளஸ் 6 ஆகிய கைப்பேசிகளை மலிவாக வாங்கி, ஆண்ட்ராய்டை நீக்கிவிட்டு, டெபியன் என்னும் லினக்ஸ் தளத்தைக் கைப்பேசிக்கு ஏற்ப அமைத்த மோபியனை ஏற்றிப் பயன்படுத்துவோர் சிலர், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாரக் கடைசியில் ஒரு கணினி வகுப்பில் கூடுகிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். மற்றவர்கள் சொந்தமாகச் சில ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள். அங்கே அடிக்கடி எழும் கேள்வி இது: “இந்தச் செயலி டெபியனில் இல்லை, ஆனால் இன்னொருவருடைய களஞ்சியத்தில் இருக்கிறது. சேர்த்துக்கொள்ளலாமா?” களஞ்சியம் என்பது நிறுவத் தயாராக உள்ள செயலிகளை, அதாவது பொதிகளை, அவற்றின் பட்டியலான அட்டவணையோடு வைத்திருக்கும் இணைய இடம். அந்தக் கேள்விக்கு விரிவாக விடை சொல்லவே இதை எழுதுகிறேன். படிகள் மோபியனுக்கானவை, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், செயில்ஃபிஷ் என்னும் வேறு கைப்பேசித் தளங்களை வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

வேறுபாடு எங்கே இருக்கிறது

பெரிய நிறுவனம் நடத்தினால் மையக் களஞ்சியம், தனி ஆள் நடத்தினால் தனிக் களஞ்சியம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள அளவுகோல் மூன்று கேள்விகளில் இருக்கிறது. மூலநிரலிலிருந்து பொதியை உருவாக்குவது யார்? களஞ்சியத்தின் அட்டவணையில் கையொப்பமிடுவது யார்? பழுதான பொதியைத் திரும்பப் பெறும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? டெபியனில் இம்மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. பராமரிப்பாளர் மூலநிரலை அனுப்புகிறார். டெபியனின் கணினிகள் அதைப் பொதியாக்குகின்றன. களஞ்சியத்தின் மின்கையொப்பச் சாவி அட்டவணையில் கையொப்பமிடுகிறது. அதன்பின் அந்தப் பொதி ‘அன்ஸ்டேபிள்’ கிளையில் சில நாட்கள் தங்கி, கடும் பிழை எதுவும் பதிவாகாவிட்டால்தான் ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகர்கிறது. தனிக் களஞ்சியத்தில் இம்மூன்றையும் பெரும்பாலும் ஒரே ஆள், தன் மடிக்கணினியிலிருந்தே செய்கிறார். அவர் நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாகவும் இருக்கலாம்; ஆனாலும் அவருடைய வேலையைச் சரிபார்க்க இன்னொருவர் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். டெபியன் பொதி ஒவ்வொன்றிலும் நிறுவுவதற்கு முன்னும் பின்னும் ஓடக்கூடிய சிறு நிரல்கள் இருக்கலாம், அவை கைப்பேசியில் எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரத்துடன் ஓடுகின்றன. ஆகவே ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது என்பது ஒரு செயலியை ஒருமுறை நிறுவுவதோடு முடிந்துவிடுவதில்லை. அது நீக்கப்படும் வரை, ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அந்தக் களஞ்சியத்தின் உரிமையாளர் உங்கள் கைப்பேசியில் எதையும் மாற்றலாம் என்று நீங்கள் கொடுக்கும் தொடர் அனுமதி.

மிரர் எனப்படும் நகல் தளத்தையும் தனிக் களஞ்சியத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நகல் தளம் டெபியன் கையொப்பமிட்ட கோப்புகளை அப்படியே படியெடுத்து வைக்கிறது. ‘இன்ரிலீஸ்’ என்னும் கோப்பில் டெபியனின் கையொப்பமும் அட்டவணைகளின் சரிபார்ப்பு எண்களும் இருக்கின்றன. அட்டவணையில் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது. இடையில் யாராவது ஒரு பொதியை மாற்றினால், பொதிகளை நிறுவும் டெபியன் கருவியான ஆப்ட் அதை ஏற்க மறுத்துவிடும். எனவே நகல் தளம் நடத்துபவரை நாம் நம்ப வேண்டிய தேவையே இல்லை. தனிக் களஞ்சியம் நடத்துபவரையோ முழுமையாக நம்பியாக வேண்டும்.

இதனால் மையக் களஞ்சியத்தில் தவறே நேராது என்று ஆகிவிடாது. டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் 2006இல் பராமரிப்பாளர் செய்த ஒரு மாற்றம் சாவிகளை எளிதில் ஊகிக்கக்கூடியவையாக ஆக்கியதும், 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிய வந்ததும் வரலாறு. மையத்தில் நேரும் தவறு எல்லோரையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. மாறாக, எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் நிரலாளர் 2024 மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தியபோது, அது டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்திருந்தது. நிலையான வெளியீட்டை எட்டவில்லை. பொதி பல படிகளில் காத்திருந்து வருவதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

முன்பே நடந்த விவாதம்

இந்த விவாதம் கைப்பேசி லினக்ஸ் உலகில் புதியதன்று. நோக்கியாவின் மேமோ தளத்தில் தொடக்கத்தில் நிரலாளர் பலர் தமக்கென ஒரு களஞ்சியம் வைத்திருந்தார்கள். அவற்றின் சார்புப் பொதிகள், அதாவது ஒரு செயலி இயங்கத் தேவையான பிற பொதிகள், ஒன்றோடொன்று மோதின. 2009இல் என்900 கைப்பேசி வெளிவந்த காலத்தில் ‘எக்ஸ்ட்ராஸ்’ என்னும் பொதுக் களஞ்சியம் மூன்று அடுக்குகளாக நடைமுறையில் இருந்தது: எக்ஸ்ட்ராஸ்-டெவெல், எக்ஸ்ட்ராஸ்-டெஸ்டிங், எக்ஸ்ட்ராஸ். சோதனை அடுக்கில் ஒரு பொதி 10 நாட்கள் காத்திருந்து 10 வாக்குகளைப் பெற்றால்தான் கடைசி அடுக்குக்குப் போகும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு வலுவான காரணம் இருந்தது. என்900இன் மூலக் கோப்பு முறைமைக்கு 256 எம்பி மட்டுமே இடம். பொதிகளின் பெரிய கோப்புகளை ‘ஆப்ட்’ அடைவுக்கு, அதாவது நம் ஆப்ட் கருவியோடு தொடர்பில்லாத, பெரிய சேமிப்பகத்தில் இருக்கும் அடைவுக்கு, நகர்த்தி அமைக்க வேண்டும். அதைச் செய்யாமல் வந்த பொதிகள் அந்தச் சின்ன இடத்தை நிரப்பிவிட்டால் கைப்பேசி தொல்லை கொடுக்கத் தொடங்கும். வாக்களித்தவர்கள் பார்த்தவற்றுள் இதுவும் ஒன்று.

செயில்ஃபிஷ் தளத்தில் இரு முறைகளும் இன்றும் அருகருகே இருக்கின்றன. ஓபன்ரெப்போஸில் ஒவ்வொரு நிரலாளருக்கும் தனித்தனிக் களஞ்சியம். தாம் உருவாக்கிய ஆர்பிஎம் பொதியை அவரே ஏற்றுகிறார். சம் எனப்படும் சமூகக் களஞ்சியமோ எல்லாப் பொதிகளையும் மூலநிரலிலிருந்து பொதுவான ஒரு கட்டமைப்பில் உருவாக்குகிறது. இரண்டிலும் ஒரே செயலி கிடைக்குமானால் நான் சம் பக்கமே போவேன்.

முதல் படி: கைப்பேசியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முனையத்தில் ‘ஆப்ட் பாலிசி’ என்று மட்டும் தட்டினால், இணைக்கப்பட்டிருக்கும் எல்லாக் களஞ்சியங்களும் அவற்றின் முன்னுரிமை எண்களோடு வரிசையாக வரும். புதிதாக மோபியன் ஏற்றிய கைப்பேசியில்கூட இரண்டு இருப்பதைக் காணலாம்: ஒன்று டெபியன், மற்றொன்று மோபியனுடையது. கைப்பேசிக்கான கெர்னலும் (தளத்தின் உட்கரு) சில திருத்தப்பட்ட பொதிகளும் அந்த இரண்டாவதிலிருந்து வருகின்றன. கறாராகப் பார்த்தால் டெபியனின் கண்ணில் மோபியனும் ஒரு தனிக் களஞ்சியம்தான். ஆனால் அது சிறியது, பலர் பார்வையில் நடப்பது, திருத்தங்களை டெபியனுக்கே கொண்டுசேர்ப்பதைத் தன் நோக்கமாக வைத்திருப்பது. இந்த மூன்று குணங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும். செயில்ஃபிஷில் இதே வேலையை ‘எஸ்எஸ்யு எல்ஆர்’ என்னும் கட்டளை செய்கிறது.

இரண்டாம் படி: களஞ்சியம் தேவைதானா?

கேட்டு வருகிறவர்களில் பலருக்குத் தேவையில்லை என்பதே என் அனுபவம். தமிழ்99 அல்லது அஞ்சல் விசைமுறையில் தாங்கள் விரும்பியபடி மாற்றிய திரை விசைப்பலகை வேண்டும் என்பவர்கள், ஸ்குவீக்போர்டு என்னும் விசைப்பலகைச் செயலியைப் பயன்படுத்தினால், விசையமைப்புக் கோப்பை வீட்டு அடைவுக்குள் ‘.லோகல்/ஷேர்/ஸ்குவீக்போர்டு/கீபோர்ட்ஸ்’ என்னும் அடைவில் போட்டாலே போதும். எழுத்துருக்களும் அப்படியே ‘.லோகல்/ஷேர்/ஃபான்ட்ஸ்’ அடைவில் வேலை செய்யும். இதற்கு ரூட் அதிகாரமும் வேண்டாம், களஞ்சியமும் வேண்டாம். புதிய பதிப்பு மட்டுமே தேவையென்றால் டெபியனின் பேக்போர்ட்ஸைப் பாருங்கள். அதிலும் இல்லாவிட்டால், ஃபிளாட்பேக் வகைச் செயலிகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப். ஃபிளாட்பேக் செயலி தனக்கென ஓர் அடைப்புக்குள் ஓடுவதால் மோடத்தையோ கெர்னலையோ மாற்ற முடியாது. அதன் அடித்தளப் பொதிகள் நூற்றுக்கணக்கான எம்பி இடம் பிடிக்கும் என்பது குறைதான். 64 ஜிபி போக்கோவில் அது பெரிதாகத் தெரியாது, 16 ஜிபி பைன்ஃபோனில் உறுத்தும்.

மூன்றாம் படி: களஞ்சியத்தை நடத்துபவரை விசாரியுங்கள்

மூலநிரல் பொதிகளும் வெளியிடப்பட்டிருக்கின்றனவா, கடைசியாக எப்போது புதுப்பித்தார், எத்தனை பொதிகள் வைத்திருக்கிறார் என்பவற்றைப் பாருங்கள். இவற்றுள் கடைசிக் கேள்வியே எனக்கு முக்கியம். ஓர் அரட்டைச் செயலிக்காக நடத்தப்படும் களஞ்சியத்தில் அந்தச் செயலியும் அதற்கான ஒன்றிரண்டு நூலகங்களும் இருப்பது இயல்பு. சிஸ்டம்டி, மோடம்மேனேஜர், மீசா போன்ற அடிப்படைப் பொதிகளும் அதில் இருந்தால், அந்த ஆள் தம் சொந்தக் கைப்பேசிக்குச் செய்த சோதனைகளை எல்லாம் உங்களுக்கும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

நான்காம் படி: சாவியை அதன் களஞ்சியத்தோடு மட்டும் கட்டுங்கள்

பழைய குறிப்புகள் பலவற்றில் ‘ஆப்ட்-கீ ஆட்’ என்று ஒரு கட்டளை இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டாம். அப்படிச் சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகிவிடும் என்பதால்தான் அந்த முறை கைவிடப்பட்டது. சாவிக் கோப்பை ‘ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்’ அடைவில் வைத்து, களஞ்சியத்துக்கான கோப்பில் ‘சைன்டு-பை’ என்னும் புலத்தில் அதன் முழுப் பாதையை எழுதுங்கள். சாவியின் கைரேகை எண்ணை, பதிவிறக்கிய தளத்தில் அல்லாமல் வேறு ஏதேனும் வழியில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முனையத்தில் ஒரே வரியாக ஒட்டி, இணையத்திலிருந்து நிரலை இறக்கி நேரே ரூட்டாக ஓட்டச் சொல்லும் வழிமுறைகளைக் கண்டால், அந்தக் களஞ்சியத்தை அங்கேயே விட்டுவிடுவேன்.

ஐந்தாம் படி: முன்னுரிமை எண்ணால் வேலி போடுங்கள்

பெரும்பாலோர் தவிர்க்கும் படி இது; இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ‘சைன்டு-பை’ ஒரு களஞ்சியத்துக்கு யார் கையொப்பமிடலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, அந்தக் களஞ்சியம் எந்தெந்தப் பொதிகளைத் தரலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதில்லை. புதிதாகச் சேர்த்த களஞ்சியத்துக்கும் டெபியனுக்கும் இயல்பாக ஒரே முன்னுரிமையான 500 கிடைக்கிறது. முன்னுரிமை சமமாக இருந்தால் பதிப்பெண் பெரியது வெல்லும்.

வகுப்புக்கு வந்த ஓர் இளைஞரின் போக்கோவில் அதுவே நடந்தது. அரட்டைச் செயலி ஒன்றுக்காக அவர் சேர்த்த களஞ்சியத்தில், கைப்பேசியின் மோடத்தை இயக்கும் மோடம்மேனேஜரும் இருந்திருக்கிறது. வழக்கமான புதுப்பித்தலுக்குப் பிறகு இணையம் வந்தது, குறுஞ்செய்தி வந்தது, அழைப்பு மட்டும் வரவில்லை. ‘ஆப்ட் பாலிசி மோடம்மேனேஜர்’ என்று தட்டியதும் திரையில் இரண்டு பதிப்புகள் வந்தன. மூன்று நட்சத்திரக் குறிகள் போட்டிருந்த வரிதான் நிறுவப்பட்டிருந்த பதிப்பு. அதன் கீழே 500 என்ற எண்ணும் அந்தத் தனிக் களஞ்சியத்தின் முகவரியும் இருந்தன. டெபியனின் பதிப்பு அதற்கும் கீழே, அதே 500உடன், சற்றே சிறிய பதிப்பெண்ணில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சிறுதோட்டக்காரர் ஒருவர், “தம்பி, எனக்குப் போன் அடிச்சா மணி கேக்கணும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார். ஈப்போவரை போனாலும் லினக்ஸ் கைப்பேசியைத் தொடத் துணியும் கடைக்காரர் கிடைக்காத நிலையில், அவர் சொன்னதை ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வேலி போடும் முறை இது. ‘ஈடிசி/ஆப்ட்/பிரிபரன்சஸ்.டி’ அடைவில் ஒரு கோப்பை உருவாக்குங்கள். பெயருக்குப் பின்னொட்டு இருக்கக் கூடாது, இருந்தால் ‘.பிரெஃப்’ என்றுதான் இருக்க வேண்டும், வேறு பின்னொட்டு இருந்தால் ஆப்ட் அதைப் பொருட்படுத்தாது. அதில் இரண்டு பத்திகள் எழுத வேண்டும். முதல் பத்தியில் ‘பேக்கேஜ்’ புலத்தில் நட்சத்திரக் குறி, ‘பின்’ புலத்தில் ‘ஆரிஜின்’ என்ற சொல்லோடு களஞ்சியத்தின் கணினிப் பெயர், ‘பின்-பிரயாரிட்டி’ புலத்தில் -1. அதாவது, இந்தக் களஞ்சியத்திலிருந்து எதையும் எடுக்காதே என்று பொருள். ஒரு வெற்று வரி விட்டு இரண்டாம் பத்தி: ‘பேக்கேஜ்’ புலத்தில் உங்களுக்குத் தேவையான செயலியின் பெயர், ‘பின்’ முன்போலவே, முன்னுரிமை 500. பெயர் குறிப்பிட்ட பத்தி நட்சத்திரப் பத்தியை மீறும் என்பதால் அந்தச் செயலிக்கு மட்டும் வாயில் திறக்கிறது. அதற்குத் தேவையான நூலகம் அந்தக் களஞ்சியத்தில் மட்டுமே இருந்தால் நிறுவுதல் தடைபடும். அப்போது அந்த நூலகத்தின் பெயரையும் இரண்டாம் பத்தியில் சேர்க்க வேண்டும். இது தொல்லை போலத் தோன்றும். ஆனால் எந்தெந்தப் பொதியை வெளியாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதே இதன் நன்மை. ‘ஆரிஜின்’ என்ற சொல் இங்கே கணினிப் பெயரைக் குறிக்கிறது என்பதையும், களஞ்சியம் தனக்கு வைத்துக்கொண்ட ஆரிஜின் பெயரைக் கொண்டு கட்டுவதானால் ‘ரிலீஸ் ஓ=’ என்று எழுத வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்; இரண்டையும் மாற்றி எழுதியவர்கள், வேலி இருப்பதாக நம்பிக்கொண்டு வேலியில்லாமல் இருப்பார்கள்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பயன்படுத்துவோருக்கு வேலை எளிது. களஞ்சிய வரியின் முன்னால் ‘அட்’ குறியோடு ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால், அந்தப் பெயரை ஒட்டிக் கேட்ட பொதியையும் அதற்குத் தேவையான சார்புகளையும் மட்டுமே அதன் பொதிக் கருவியான ஏபிகே அங்கிருந்து எடுக்கும். செயில்ஃபிஷில் பொதிகளை நிர்வகிக்கும் ஜிப் நூலகமோ, ஒரு பொதியை ஒரு வழங்குநரிடமிருந்து நிறுவிவிட்டால் இன்னொருவருடைய பதிப்புக்குத் தானாகத் தாவுவதில்லை. ஆப்ட் கருவிக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

ஆறாம் படி: புதுப்பிக்கும் முன் ஒத்திகை

‘ஆப்ட் அப்கிரேடு’ கட்டளையோடு ‘சிமுலேட்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் என்ன நடக்கப்போகிறது என்று காட்டும். ஒவ்வொரு பொதியும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்பதும் அதில் தெரியும். டெபியன் 12இலிருந்து 13க்குப் போவதைப் போன்ற பெரிய நகர்வுக்கு முன்னால் தனிக் களஞ்சியங்கள் அனைத்தையும் முடக்கிவிடுங்கள். செயில்ஃபிஷிலும் ஓபன்ரெப்போஸ் களஞ்சியங்களை முடக்கிவிட்டுத்தான் தளத்தை மேம்படுத்த வேண்டும்.

நாமே களஞ்சியம் நடத்துவதானால்

செம்பனைக் குலைகளின் எடையையும் அன்றைய விலையையும் குறித்துவைத்து மாதக் கடைசியில் கணக்குச் சொல்லும் சிறு செயலி ஒன்றை வைத்துக்கொள்வோம். அது இந்த வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களுக்கு மட்டுமே பயன்படும். டெபியன் அதை ஏற்க வேண்டிய காரணமில்லை. தனிக் களஞ்சியத்துக்கு உரிய இடம் இதுதான். விசைப்பலகைப் பிழைத்திருத்தம், தமிழ் எழுத்து வெளிப்பாட்டுத் திருத்தம் போன்றவற்றை நம் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ளாமல் மூலத் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் அந்தத் திருத்தத்தை நாமே மறுபடி பொருத்திக்கொண்டிருக்க நேரும்.

களஞ்சியம் என்பது வெறும் கோப்புகள்தான். 64 பிட் தளம் ஏற்றிய ராஸ்ப்பெரி பை என்னும் சிறு கணினி ஒன்றும் அதில் ஒரு வலைச் சேவையகமும் போதும். பையின் நுண்செயலியும் கைப்பேசியின் நுண்செயலியும் ஒரே ஏஆர்எம்64 வகை என்பதால் பொதிகளையும் அதிலேயே உருவாக்கலாம். ஆனால் வழக்கமாகப் புழங்கும் சூழலில் உருவாக்காதீர்கள்; எஸ்பில்டு என்னும் கருவியைக் கொண்டு, ஒவ்வொரு முறையும் தூய்மையான சூழலில் உருவாக்குங்கள். இல்லையென்றால் உங்கள் கணினியில் தற்செயலாக இருந்த ஒரு நூலகத்தைச் சார்ந்த பொதி வெளியே போய்விடும்.

அட்டவணையை அமைக்க ரெப்ரெப்ரோ, ஆப்ட்லி என்னும் இரண்டு கருவிகள் உள்ளன. ரெப்ரெப்ரோ எளிது, ஆனால் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். ஆப்ட்லியில் களஞ்சியத்தின் அன்றைய நிலையைப் பதிந்துவைத்து, பிழை நேர்ந்தால் முந்தைய நிலையைத் திரும்ப வெளியிடலாம். பிறர் கைப்பேசிகளுக்குப் பொறுப்பேற்கும்போது ஆப்ட்லியைத்தான் பரிந்துரைப்பேன்.

களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பில் ‘நாட்-ஆட்டோமேட்டிக்’, ‘பட்-ஆட்டோமேட்டிக்-அப்கிரேட்ஸ்’ ஆகிய இரண்டு புலங்களையும் ‘யெஸ்’ என்று வையுங்கள். அப்போது பயனர் எந்த வேலியும் போடாவிட்டாலும் உங்கள் களஞ்சியத்துக்கு 100 என்ற முன்னுரிமையே கிடைக்கும்: டெபியனில் உள்ள பொதியை அது தானாக மீறாது; உங்களிடமிருந்து ஏற்கெனவே எடுத்த செயலிக்குப் புதுப்பித்தல் மட்டும் போகும். டெபியனின் பேக்போர்ட்ஸ் இதையேதான் செய்கிறது. தனிக் களஞ்சியம் நடத்தும் பலர் இந்த இரண்டு வரிகளைப் போடாமல் விடுவதாலேயே ஐந்தாம் படியை அத்தனை விரிவாக எழுத வேண்டியிருந்தது.

பதிப்பெண்ணிலும் கவனம் வேண்டும். டெபியனில் உள்ள ஒரு பொதியை நீங்கள் முன்கூட்டியே உருவாக்கித் தருவதானால், பதிப்பெண்ணின் கடைசியில் அலைக்குறியோடு (~) உங்கள் அடையாளத்தைச் சேருங்கள். அலைக்குறி உள்ள பதிப்பு, அது இல்லாத அதே பதிப்பைவிடச் சிறியதாகக் கணக்கிடப்படும். டெபியன் அந்தப் பதிப்பை வெளியிட்டதும் உங்களுடையது தானாக விலகிக்கொள்ளும். கூட்டல் குறி இட்டால் நேர்மாறாக, உங்களுடையதே மேலே நிற்கும்.

கையொப்பச் சாவியை ராஸ்ப்பெரி பையிலேயே வைத்திருக்க வேண்டாம். மாலையானால் இடி மழை பிடித்துக்கொள்ளும் ஊர் இது. மின்னலுக்குப் பை போனால் இன்னொன்று வாங்கலாம், சாவி போனால் ஒவ்வொரு கைப்பேசியிலும் புதிய சாவியைக் கையால் ஏற்ற வேண்டும். யுஎஸ்பி விரலியில் இரண்டு படிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். காலாவதித் தேதி வைத்து, அது வருவதற்கு முன்பே நீட்டித்து, நீட்டித்த சாவியை ஒரு பொதியாகவே உங்கள் களஞ்சியத்தின் வழி அனுப்புங்கள்.

அதே ராஸ்ப்பெரி பையில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் சேமிப்புச் சேவையகத்தையும் ஓட்டலாம். அது 3142ஆம் பிணையத் துறையில் (போர்ட்) காத்திருந்து, ஒரு கைப்பேசி இறக்கிய டெபியன் பொதியைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும். வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் புதுப்பித்தாலும் இணையத்தில் இறங்குவது ஒரு முறைதான். டெபியனின் கையொப்பத்தைக் கைப்பேசியே சரிபார்ப்பதால் இங்கே நம்பிக்கைப் பிரச்சினை எழுவதில்லை. வீட்டுக்குப் போனதும் பை கிடைக்காமல் புதுப்பித்தல் நின்றுவிடாமலிருக்க, முகவரியைக் கையால் எழுதுவதற்குப் பதில் ‘ஆட்டோ-ஆப்ட்-பிராக்ஸி’ பொதியை நிறுவிக்கொள்ளுங்கள்.

களஞ்சியத்தை நீக்குதல், மூடுதல்

களஞ்சியக் கோப்பை மட்டும் அழித்தால் அதிலிருந்து வந்த பொதிகள் போய்விடுவதில்லை. அவை புதுப்பித்தல் எதுவும் வராமல் கைப்பேசியிலேயே தங்கிவிடும். களஞ்சியக் கோப்பு, சாவி, வேலிக் கோப்பு மூன்றையும் எடுத்துவிட்டு, ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தபின், ‘ஆப்ட் லிஸ்ட்’ கட்டளையோடு ‘?அப்சொலீட்’ என்ற வடிவத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தட்டினால், எந்தக் களஞ்சியத்திலும் இப்போது இல்லாத பொதிகள் பட்டியலாக வரும். தேவையற்றவற்றை நீக்குங்கள். டெபியனிலும் உள்ள பொதியானால், அது பதிப்பெண் வேறுபாட்டினால் ‘ஆப்ட் பாலிசி’யில்தான் பிடிபடும், பெயரையடுத்து சாய்கோடிட்டு, டெபியன் 13இன் பெயரான ‘டிரிக்ஸி’ என்று எழுதி நிறுவினால் டெபியனின் பதிப்புக்கு இறங்கிவிடும். அந்த இளைஞரின் மோடம்மேனேஜரை அப்படித்தான் இறக்கினோம். மறுதொடக்கம் செய்ததும் அழைப்பு வந்தது. பதிப்பை இறக்குவதற்கு டெபியன் முறையான உத்தரவாதம் தருவதில்லை என்பதால், முதலில் வீட்டு அடைவைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நடத்தும் களஞ்சியத்தை மூடுவதானால், பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசியாக ஒரு பொதியை வெளியிட்டு, அது களஞ்சியக் கோப்பையும் சாவியையும் தானே நீக்கும்படி செய்யுங்கள். வலைப் பெயரைச் சொந்தமாக வாங்கியிருந்தால், கைப்பேசிகள் அனைத்தும் அதைக் கேட்பதை நிறுத்தும் வரை ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி வைத்திருங்கள்.